மரம் படித்தவருக்கு கேஸைப் பற்றி என்ன தெரியும்?

எரிவாயுக் கசிவைப் பற்றி யாராவது எச்சரித்தால், ‘இவர் என்ன படித்தவர்?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் ஏமாந்துபோவோம். பல வீடுகளுக்குக் குழாயில் எரிவாயு போகும் அமெரிக்காவில் இதற்கு நிறைய சாட்சி இருக்கிறது.

நம்பிக்கை: கசிவு கேஸ் இன்ஜினீயரின் விஷயம். மற்றவர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது.

உண்மை: பாஸ்டன் நகரின் கசிவுகளை வரைபடமாக்கிய நேதன் பிலிப்ஸ், மரங்கள் எப்படித் தண்ணீர் உறிஞ்சுகின்றன என்று ஆராய்ந்தவர். கூட்டாளி ராபர்ட் ஜாக்சன் சூழலியலாளர். இன்னொருவர், எரிவாயு நிறுவனங்களுக்காகப் பல ஆண்டுகள் தெருத்தெருவாகக் கசிவு தேடிய கள அனுபவசாலி. மரத்துக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம்? குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான்; மண்ணுக்குள் பரவும்போது அது அங்கிருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் காலி செய்துவிடும். வேர் மூச்சுமுட்டி, மரம் பட்டுப்போகும். பாஸ்டனை அடுத்த செல்சியில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், பட்ட மரங்களின் அடிமண்ணில் மீத்தேன் இருக்கும் வாய்ப்பு, நல்ல மரங்களைவிட 30 மடங்கு அதிகமாக இருந்தது.

பிலிப்ஸ் குழு காரில் லேசர் கருவியை வைத்து, காற்றை இழுக்கும் குழாயை வெளியே நீட்டி, 785 மைல் சாலையை 2011இல் அலசியது. கிடைத்தவை 3,356 கசிவுகள். சாக்கடையிலிருந்தும் மீத்தேன் வருமே என்று நீங்கள் கேட்கலாம். மீத்தேனிலுள்ள கார்பனின் ஐசோடோப்பைச் சோதித்து, அது குழாய் வாயுதான் என்று உறுதிசெய்தார்கள். சூழலியல் ஆய்வுக்கூடங்களில் இது பழகிய வித்தை.

அடுத்து வாஷிங்டன்: 1,500 மைலில் 5,893 கசிவுகள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். அங்கே சில மேன்ஹோல்களுக்குள் 50 சதவீதம் வரை இருந்தது. 12 இடங்களில் ஆபத்தான அளவு. தகவல் சொல்லிவிட்டு நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒன்பதில் அப்படியே இருந்தது. ஆய்வாளர்களின் தகுதியைக் குடைகிறவர்கள் இந்த நான்கு மாதத்துக்கும் பதில் சொல்லலாமே!

நம்பிக்கை: நிபுணர் எதற்கு? மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மை: மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாம் முகர்வது வேண்டுமென்றே கலக்கப்படும் மெர்காப்டன். மண்ணுக்குள் நெடுந்தூரம் ஊர்ந்து வரும்போது அந்த நாற்றம் வடிகட்டப்பட்டுவிடலாம்.

நம்பிக்கை: அப்படியானால் இன்ஜினீயர் தேவையே இல்லை.

உண்மை: இது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. 2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸின் லாரன்ஸ் வட்டாரத்தில் வீடுகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்து வெடித்தன. ஓர் இளைஞர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டு பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அழுத்தத்தை உணரும் இணைப்போ கைவிடப்பட்ட குழாயிலேயே இருந்தது. அங்கே அழுத்தம் விழுந்ததும், ‘வாயு போதவில்லை’ என்று எடுத்துக்கொண்ட ரெகுலேட்டர்கள் முழுதாகத் திறந்தன. உயர் அழுத்த வாயு வீட்டு அடுப்புகள்வரை பாய்ந்தது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த வேலைத் திட்டத்தை உரிமம் பெற்ற பொறியாளர் யாரும் பார்த்துக் கையெழுத்திடவில்லை என்று சுட்டிக்காட்டியது. மாநிலச் சட்டமே எரிவாயு நிறுவனங்களுக்கு அந்தக் கையெழுத்திலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலக்கு நீக்கப்பட்டது.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1937இல் டெக்சஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் வாசனையற்ற வாயு தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதே ஆண்டு டெக்சஸ் இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, வாயுவில் நாற்றம் கலக்க. மற்றொன்று, பொறியாளர்களைப் பதிவு செய்ய.