முதல் நாளே வாங்க வேண்டுமா?

கேள்வி: புதிய போன், ஸ்கூட்டர் அறிமுகம் என்றாலே டிவியிலும் யூடியூபிலும் ஒரே பரபரப்பு. முன்பதிவு செய்து முதல் ஆளாக வாங்கலாமா?
– வாசகர், மூக்கண்டப்பள்ளி

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது.

2021 ஜூலை 15 அன்று ஓலா எலெக்ட்ரிக் தன் மின்சார ஸ்கூட்டருக்கு 499 ரூபாயில் முன்பதிவைத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் என்று அறிவித்தது. அன்று விலைகூட வெளியாகவில்லை. உங்கள் மாவட்டத்தில் உள்ள அதன் போச்சம்பள்ளி ஆலையிலோ கட்டுமானம் முடிந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்றுதான் எஸ்1 99,999 ரூபாய், எஸ்1 ப்ரோ 1,29,999 ரூபாய் என்று தெரிந்தது. செப்டம்பர் 8 விற்பனை, இணையதளக் கோளாறால் 15-க்குத் தள்ளிப்போனது. அக்டோபரில் வருமென்ற வண்டிகள் டிசம்பர் நடுவில்தான் வரத் தொடங்கின. க்ரூஸ் கன்ட்ரோல் போன்ற வசதிகள் 2022-ல் மென்பொருள் அப்டேட்டில் வந்தன.

499 ரூபாய் சிறு தொகை, திரும்பக் கிடைக்கும் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. பதிவு எண்ணிக்கையே தலைப்புச் செய்தியாகிறது; அதைப் பார்த்து இன்னும் பலர் பதிகிறார்கள். இப்படித்தான் பரபரப்பு வளர்கிறது. ஆனால் பதிவு எண்ணிக்கை ஆவலைத்தான் காட்டும், தரத்தை அல்ல.

ஆறு மாதம் பொறுங்கள். ஓட்டுகிறவரிடம் ரேஞ்ச் எவ்வளவு என்று கேளுங்கள். ஓசூர் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். அதற்கு அந்தப் பொறுமை தகும்.