அரண்மனையில் இரண்டு வியாதிப்படுக்கைகள்



வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து நம் ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை நோயாளிகளுக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள், காணிக்கை அனுப்புகிறீர்கள். உங்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: “சுகம் பெற்றவர்களில் எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்?” இந்தக் கேள்வியை மனதில் வைத்து இரண்டு வரலாறுகளைத் தியானிப்போம்.

முதலாவது, கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜியா நாட்டில் நடந்தது. 4-ம் நூற்றாண்டில் மிரியான் என்ற அரசன் அங்கே ஆண்டான். அரசி நானா தீராத வியாதியாய்க் கிடந்தபோது நினோ என்ற பெண் ஜெபித்தாள், அரசி எழுந்தாள் என்பது அந்நாட்டுச் சபையின் பாரம்பரியம். அரசன் உடனே மனம் மாறவில்லை. வேட்டைக்குப் போய், இருளில் வழி தெரியாமல் தவித்தபோதுதான் அவளுடைய தேவனைக் கூப்பிட்டான். பிறகு அரசனோடு தேசமும் கிறிஸ்துவை ஏற்றது. இதை எழுதிவைத்த பழைய சரித்திர ஆசிரியர் ரூபினுஸ், அவளைச் சிறைப்பட்டு வந்த ஒரு பெண் என்று மட்டுமே குறிப்பிடுகிறார், பெயரைச் சொல்லவில்லை. அரசன் வெகுமதி அனுப்ப நினைத்தபோது, பொன்னும் வெள்ளியும் அவளுக்கு ஒரு பொருட்டல்ல என்று அரசியே சொல்லிவிட்டாளாம்.

இரண்டாவது, நமக்கு அருகே இராமநாதபுரம் சீமையில் நடந்தது. கிழவன் சேதுபதியின் ஆட்சியில், மறவர் நாட்டில் போதிக்கக் கூடாதென்று 1686-ல் அருளானந்தருக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஜான் டி பிரிட்டோவைத்தான் நம் மக்கள் அருளானந்தர் என்று அழைத்தார்கள். தடையையும் மீறி அவர் திரும்பி வந்தார். அரச வம்சத்தவரான தடியத் தேவர் கொடிய வியாதியால் படுத்தபோது, அருளானந்தர் ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் படுக்கையருகே சுவிசேஷத்தை வாசித்து ஜெபித்தார். தேவர் சுகமடைந்து, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் சேதுபதியிடம் முறையிட்டாள். பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஜார்ஜியாவில் வெற்றி, இராமநாதபுரத்தில் தோல்வி. ஒரு படுக்கையின் சுகம் தேசத்தைக் கொண்டுவந்தது, மற்றொன்றின் சுகம் ஊழியரின் உயிரையே கேட்டது. ஆனால் படுக்கையருகே நின்ற இருவரும் செய்தது ஒரே வேலை. ஒருத்தி சிறைப்பட்டவள், மற்றவர் ஓர் உபதேசியார். பலன் என்னவாகும் என்று கணக்குப் பார்த்து அவர்கள் ஜெபிக்கவில்லை. ஓரியூரிலும் விதை வீணாகவில்லை. அந்தச் செம்மணலைத் தேடி இன்றும் மக்கள் வருகிறார்கள்.

லூக்கா 17-ம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. வராத ஒன்பது பேரைக் குறித்து ஆண்டவர் கேட்டார், ஆனாலும் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, அன்பானவர்களே, விசுவாசத்தை மருந்துக்கு விலையாக நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அது கிருபையல்ல, வியாபாரம். காயத்தைக் கழுவுவது எங்கள் வேலை, இருதயத்தைத் திறப்பது தேவனுடைய வேலை. இரவெல்லாம் விழித்திருக்கும் எங்கள் நர்ஸுகளையும் வார்டு ஊழியர்களையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள். சுகமாகி வீடு திரும்பும் ஒவ்வொருவருக்காகவும், அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், எங்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.