ஜாமீன் கையெழுத்துக்கு முன்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன்னோடு வேலை பார்க்கும் நண்பனின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். ஜெபம் பண்ணிவிட்டு வேதத்தைத் திறந்து, கண்ணில் படும் முதல் வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தாய். ஜெபிப்பது நல்லது, வேதத்திடம் போவது அதைவிட நல்லது. ஆனால் போகிற முறை சரியல்ல. அன்றாட வாழ்வுக்கு வேதம் தருகிற ஞானம் தற்செயலாய்க் கண்ணில் படும் ஒற்றை வசனத்தில் இல்லை. ஒரு காரியத்தைக் குறித்து வேதம் முழுவதும் என்ன சொல்கிறது என்று தேடி, அதை நம் நிலைமையோடு நிறுத்துப் பார்க்கிற பழக்கத்தில் இருக்கிறது.

இதற்கு வேதமே சாட்சி. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் மூடனோடு வாதாடப் போகாதே என்று தடுக்கிறது. அதை அடுத்த 5ஆம் வசனமோ அவனுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் போயிருக்காது. எங்கே வாய் மூடியிருக்க வேண்டும், எங்கே பேசியே ஆக வேண்டும் என்று பகுத்தறிவதை வாசிக்கிறவனிடமே விட்டுவிட்டார்கள். யோபுவின் நண்பர்களையும் பார். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் பேசியதில் பல, தனியே எடுத்தால் நல்ல நீதிமொழிகள்தாம். தீமை செய்தவன் அதன் பலனை அனுபவிப்பான் என்ற பொது உண்மையை, குற்றமில்லாமல் துன்பப்பட்டவன் தலையில் சுமத்தினார்கள். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். மத்தேயு 4ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசு 91ஆம் சங்கீதத்தை ஆதாரமாகக் காட்டினான். வசனத்தில் பிழையில்லை, அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் பிழை. இயேசு உபாகமத்திலிருந்து வேறொரு வசனத்தை எடுத்து அவனுக்கு மறுமொழி சொன்னார். வசனத்தை வசனத்தோடு வைத்துப் பார்க்கும் முறையை நாம் அவரிடமே கற்கிறோம்.

இந்த முறையில் உன் கேள்வியைப் பார்ப்போம். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் உன் கண் விழுந்தால், பிணைப்பட்டவன் வேடனிடமிருந்து மான் தப்புவதைப் போலத் தப்பிக்க வேண்டும் என்று வாசித்து நண்பனைத் திருப்பி அனுப்பிவிடுவாய். 19ஆம் அதிகாரத்தில் விழுந்தால், ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்கே கடன் கொடுக்கிறான் என்று கண்டு உடனே கையெழுத்துப் போடுவாய். ஒரே வேதத்தில் எதிரெதிரான இரண்டு முடிவுகள். வித்தியாசம் பக்கம் திரும்பியதில் மட்டுமே. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் குழப்பம் தெளியும். செய்யத் திராணி இருக்கும்போது நன்மையை மறுக்காதே, கையில் பொருளை வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்று சொல்லாதே என்பது 3ஆம் அதிகாரத்தின் போதனை. கொடுக்க இல்லாதவன் பிணை நின்றால் படுத்திருக்கும் படுக்கையும் பறிபோகும் என்பது 22ஆம் அதிகாரத்தின் எச்சரிப்பு. ஆதியாகமம் 43இல் யூதா தன் தம்பி பென்யமீனுக்காகப் பிணை நின்றான். அடுத்த அதிகாரத்தில் அவனுக்குப் பதிலாகத் தானே அடிமையாயிருக்கவும் முன்வந்தான். ஆகவே பிணை நிற்பது பாவமல்ல. முழு விலையையும் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறவன் நிற்கலாம். அதற்குத் திராணியில்லாதவன் கையில் இருப்பதைக் கொடுக்கட்டும், இல்லாததற்குப் பொறுப்பேற்க வேண்டாம்.

பழைய காலத்துப் புத்தகத்துக்கு வங்கிக் கடனைப் பற்றி என்ன தெரியும் என்று உன் நண்பர்கள் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவை அவர்கள் வாசிக்கட்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் வாங்கியவனுக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் நின்றவனுக்கும் உண்டு. படுக்கையைப் பற்றிய அந்த எச்சரிப்பு பழசாகிவிடவில்லை. பத்திரங்கள் மாறியிருக்கலாம், இரக்கத்தால் அவசரப்படுவதும், முகத்துக்கு அஞ்சி ஒப்புக்கொள்வதும் மாறவில்லை.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, விசுவாசத்தோடு கேட்டால் கர்த்தர் ஒரு வசனத்தாலேயே பேசமாட்டாரா என்று சபையில் சிலர் சொல்வார்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனம் ஆண்டு முழுதும் தாங்கி நடத்தியது என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறுதல் பெறுவது ஒன்று, முடிவெடுப்பது வேறொன்று. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதியது உண்மை. நீதிமொழிகள் 2ஆம் அதிகாரமோ கூப்பிட்டுக் கேட்கவும் சொல்கிறது, வெள்ளியைத் தேடுவதைப் போலத் தேடவும் சொல்கிறது. ஜெபம் தேடலுக்குப் பெலன் தரும், தேடாமலிருக்கச் சாக்காகாது.

ஞானத்துக்குப் பேர்போன சாலொமோனே விழுந்தானே என்பார்கள். ஆம், விழுந்தான். ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது, நியாயப்பிரமாணத்தின் பிரதியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 17 கட்டளையிடுகிறது. அவன் மூன்றையும் பெருக்கினான். ஒரு காலத்தில் பெற்ற ஞானத்தை நம்பி நாளுக்கு நாள் கீழ்ப்படிவதை விட்டவன் நிலைக்கமாட்டான் என்பதற்கு அவன் வாழ்க்கையே அத்தாட்சி. ஞானம் வீண் என்பதற்கு அது அத்தாட்சியல்ல.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றாக வாசி. கூடவே யோபுவையும் பிரசங்கியையும் வாசி. ஆலோசனைக்காரர் பலர் இருந்தால் காரியம் நிலைக்கும் என்று நீதிமொழிகள் 15ஆம் அதிகாரம் சொல்வதால், அப்பாவிடமும் உங்கள் போதகரிடமும் கலந்து பேசு. நண்பன் தவணை தவறினால் முழுக் கடனையும் உன்னால் கட்ட முடியுமா என்று கணக்குப் பார். முடியாதென்றால் கையெழுத்துப் போடாதே. உன்னால் இயன்ற தொகையைத் திரும்பக் கேட்காமல் கொடுத்துவிடு. முடியாது என்பதை அவனிடம் மறைக்காமல், முகம் பார்த்து அன்போடு சொல்.

உன் அன்புள்ள
பெரியப்பா