கப்பலின் ஒரு முனை உன் மேசையில்

சிங்கவரம்,
செஞ்சி வட்டம்.

அன்புள்ள கயல்,

கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்தபோது துள்ளிக் குதித்த நீ, இப்போது சலித்துக்கொள்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்து கப்பலிலிருந்து வரும் ஃபார்ம்களை ஃபைலில் சேர்ப்பதுதான் வேலை என்றாயாம். அந்த ஃபார்ம்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவற்றை எழுதி அனுப்பும் பக்கத்தில், இன்ஜின் ரூமில், நான் காலம் கழித்தவன். வாங்கிப் படிக்கும் பக்கத்தில் இப்போது நீ இருக்கிறாய்.

அந்த ஃபார்ம்களின் கதையை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறேன். 1987 மார்ச் 6 மாலை, பெல்ஜியத்தின் சீப்ரக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. கார், லாரி ஏற்ற முன்பக்கம் பெரிய கதவு உள்ள கப்பல். அந்தக் கதவு திறந்தே கிடந்தது. மூட வேண்டியவர் தன் அறையில் தூங்கிப்போயிருந்தார். மூடியாயிற்றா என்று பார்க்க வேண்டிய அதிகாரிக்கு அதே நேரத்தில் வேறு இடத்திலும் வேலை இருந்தது, போய்விட்டார். யாரும் குறை சொல்லவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று கேப்டன் எடுத்துக்கொண்டார். அங்கே அதுதான் வழக்கம். கடல் உள்ளே புகுந்தது. துறைமுகத்தைத் தாண்டிச் சற்று தூரம்கூடப் போகாமல் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் இறந்துபோனார்கள்.

தூங்கியவர் தலையில் பழியைப் போட்டு விசாரணையை முடித்திருக்கலாம். ஆனால் நீதிபதி ஷீன் கரையிலிருந்த அலுவலகத்தையும் விசாரித்தார். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் ஒரு விளக்கு வேண்டும் என்று அந்தக் கம்பெனியின் கேப்டன்கள் விபத்துக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். கதவை மூடத்தான் ஆள் இருக்கிறாரே, விளக்கு எதற்கு என்ற தொனியில் அலுவலகம் அதைத் தள்ளிவிட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு மற்ற கப்பல்களில் அதே விளக்கைப் பொருத்தச் சில நாட்களே ஆயின. அசட்டை என்ற நோய் கம்பெனியின் மேலிருந்து கீழ் வரை பரவியிருந்தது என்பதே அறிக்கையின் தீர்ப்பு.

சர்வதேச கடல்சார் அமைப்பு 1993இல் ஏற்ற, கப்பல்களைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான ஐ.எஸ்.எம். கோடுக்கு வித்து இதுதான். பயணிகள் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள் முதலானவற்றுக்கு 1998 ஜூலை முதலும், 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள மற்ற சரக்குக் கப்பல்களுக்கு 2002 ஜூலை முதலும் அது கட்டாயமானது. கப்பலுக்கு ஒரு சான்றிதழ், அதை நடத்தும் கம்பெனிக்குத் தனியாக ஒன்று. கம்பெனியின் சான்றிதழைப் பிடுங்கினால் கப்பலுடையதும் போய்விடும். இது நியாயமான ஏற்பாடு என்று இன்றும் நினைக்கிறேன். அலுவலகம் கெட்டிருக்கும்போது கப்பல் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

அந்தக் கோடின் நான்காம் பகுதி சின்னது, முழுதாகப் படி. கப்பலுக்கும் நிர்வாகத்துக்கும் பாலமாகக் கரையில் ஒருவர் இருக்க வேண்டும், கம்பெனியின் உச்சத்தில் இருப்பவரிடம் நேராகப் போய்ப் பேசும் உரிமை அவருக்கு வேண்டும் என்கிறது. அவர்தான் டி.பி.ஏ.; உன் பிரிவின் தலைவர். அவர் பெயரும், எந்நேரமும் எடுக்கும் போன் நம்பரும் கப்பலின் மெஸ் சுவரில் ஒட்டியிருக்கும். கேப்டனைத் தாண்டி, பாத்திரம் கழுவும் பையன்கூட அந்த நம்பரைக் கூப்பிடலாம்.

அந்த நம்பரின் பலத்தை ஒரு கப்பலில் கண்ணால் பார்த்தேன். எமர்ஜென்சி ஃபயர் பம்பில் சீல் தேய்ந்து தண்ணீர் பீறிட்டது. டிரில்லில் பம்பை ஓட்டினால், மேல்தளத்தில் ஹோஸைப் பிடித்தவன் காலடியிலேயே தண்ணீர் விழுந்தது. இன்ஜின் ரூமில் தீப்பிடித்தால் எங்களுக்கு மிஞ்சுவது அந்த ஒரு பம்ப்தான். புது சீல் கேட்டு எழுதினோம்; விலை விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம், அதே பதில். கேப்டன் டி.பி.ஏ.வைக் கூப்பிட்டு, பம்ப் இல்லாமல் சரக்கு ஏற்ற மாட்டேன் என்றார். அடுத்த துறைமுகத்தில் சீல் காத்திருந்தது. பாதுகாப்பு விஷயத்தில் கேப்டன் முடிவே மேலானது என்று ஐந்தாம் பகுதி சொல்கிறது. அந்த எழுத்துக்கு உயிர் கொடுத்தவர் கரையில் போனை எடுத்த மனிதர்.

அப்படி ஆள் வாய்க்காத கப்பல்களும் உண்டு. 2012 அக்டோபர் 31, நீலம் புயல் மகாபலிபுரம் பக்கம் கரை கடந்த நாள். சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று நங்கூரத்தோடு இழுத்துவந்து பெசன்ட் நகர் பக்கம் தரைதட்ட வைத்தது. உயிர்காப்புப் படகை இறக்கிச் சிலர் ஏறினார்கள். அலை படகைக் கவிழ்த்தது. மீனவர்கள் பாய்ந்துபோய்ப் பலரை மீட்டார்கள். ஆறு பேர் பிழைக்கவில்லை. கப்பலிலேயே இருந்தவர்கள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். அந்த அலையில் படகை ஏன் இறக்கினார்கள் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பல வாரம் நின்ற கப்பலில் சம்பள பாக்கி, எரிபொருளும் சாப்பாடும் போதவில்லை என்று மாலுமிகள் சொன்னதாகவும் பத்திரிகைகளில் வந்ததே! புயல் வருகிறது என்றால் கப்பல் ஆழ்கடலுக்கு விலகிப் போக வேண்டும். அதற்கு டாங்கில் எண்ணெய் வேண்டும்; எண்ணெய்க்குக் கரையில் ஒருவர் பணம் கட்ட வேண்டும். கோட்டைக்கும் இதே கதைதான்: நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் நெற்களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறாய். முகலாயப் படை 1690இல் வந்து சூழ்ந்தும் 1698 வரை செஞ்சி தாக்குப்பிடித்தது வாள் வீச்சால் மட்டுமா?

நியர் மிஸ் அறிக்கைகள் உன்னிடம் வரும். மயிரிழையில் தப்பியவற்றைக் கப்பல்காரர்கள் தாங்களே எழுதி அனுப்புவது. மாதக்கணக்கில் ஒன்றுகூட அனுப்பாத கப்பலைக் கண்டு நிம்மதி அடையாதே. எழுதினால் திட்டு விழும் என்று அங்கே பயந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்து பார். ஒவ்வொருவருடைய ஓய்வு நேரத் தாளும் மாதாமாதம் உன் மேசைக்கு வரும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்பது விதி. தாளில் எல்லாம் அழகாகக் கூட்டி வந்திருக்கும். பக்கத்தில் அதே கப்பலின் துறைமுகப் பதிவை வைத்துக்கொள். இரவு இரண்டு மணிக்குக் கயிறு கட்டியிருப்பார்கள், நாலு மணிக்குச் சரக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். அந்நேரம் சீஃப் ஆபீசர் தூங்கியதாகத் தாள் சொன்னால், அவர் தூங்கவில்லை என்று புரிந்துகொள். தாளைத் திருத்தி அனுப்பு என்று கப்பலுக்கு மெயில் போடாதே. அடுத்த தடவை அதைவிட அழகாக எழுதி அனுப்புவார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு உன் டி.பி.ஏ.விடம் போய், இந்தக் கப்பலுக்கு இன்னும் ஒரு ஆபீசர் தேவைப்படுகிறாரா என்று கேள். போதுமான ஆள் கொடுப்பது கம்பெனியின் கடமை என்று ஆறாம் பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் கையோடு கொண்டுபோ.

அன்புடன்,
பெரியப்பா