ஹெரால்டை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: வயது 74. ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு பியட், மூட்டை மூட்டையாக ஸ்பேர் பார்ட்ஸ். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: ஐயா, முதலில் மூட்டைகளைப் பிரியுங்கள். எந்த கார்புரேட்டர் எந்த வண்டிக்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும். சீட்டு எழுதிக் கட்டாவிட்டால், நாளை பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் எடை போட்டு எடுத்துப் போய்விடுவார். ஹெரால்டு சென்னையில் தயாரான கார்; உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் விளக்கு வளையம்கூட இன்று பொக்கிஷம். பாகங்களை வண்டியோடு சேர்த்தே கொடுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு, ஆர்.சி. புத்தகத்தை இப்போதே தேடி வையுங்கள். மனசுக்குப் பிடித்த ஒரு பியட் உங்களோடு இருக்கட்டும். ஹெரால்டை, கூடுதல் விலை சொல்பவரைவிட, ஓட்டப்போகிறவருக்கே கொடுங்கள்.