அடிமாட்டு விலைக்குக் கேட்டால்

டொமைன் என்கிற இணைய முகவரிப் பெயரைப் பதிந்து வைத்து விற்பது நம் பிள்ளைகள் சிலருக்கு இப்போது ஒரு வியாபாரம். ஐம்பதாயிரம் எதிர்பார்க்கும் பெயரை ஐந்நூறுக்குக் கேட்டு மெயில் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிறவர் முதல் விலைக்கே கோபித்துக்கொண்டு போவதில்லை. கேட்டவருக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது, அதைக் கவனியுங்கள். "இந்த விலைக்கு வராது, என் விலை இவ்வளவு" என்று மரியாதையாக ஒரு வரி எழுதினால் போதும். "வேறொருவர் லட்சம் தருகிறார்" என்று இல்லாததைச் சொல்லி விலையை ஏற்ற வேண்டாம். மார்க்கம் தடுத்த நஜ்ஷுக்கு அது மிக நெருக்கம்.

வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியும் ஐந்து வருடமாக யாருமே கேட்காத பெயரென்றால், வந்த குறைந்த விலையே நியாயமானதாகவும் இருக்கலாம்.

பெயர் இன்னொருவரின் வணிகச் சின்னமாக இருந்தால் பேரத்துக்கே இடமில்லை. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம் போலவே பாதுகாப்பு உண்டென்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும் என்று ஊகித்து ஜியோஹாட்ஸ்டார் பெயரை முன்கூட்டியே பதிந்த டெல்லி இளைஞர், 2024-ல் தன் மேற்படிப்புச் செலவை அதற்கு விலையாகக் கேட்டார். ரிலையன்ஸ் மறுத்துவிட்டது.

விலை படிந்த பிறகும், பணம் வந்து சேரும்வரை பெயரை மாற்றிக்கொள்ளும் ரகசியக் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். "முதலில் பணம் கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கி அனுப்புங்கள்" என்பவர் வாங்க வந்தவரே அல்ல.