பழைய எடிட்டர் எங்கே?

எங்கள் பஜனை மண்டலியின் வேர்ட்பிரஸ் தளத்தைப் புதுப்பித்ததும் எழுதும் பக்கமே மாறிவிட்டது. பத்திக்குப் பத்தி தனிப் பெட்டி! பழையபடி எழுத வழி உண்டா?
— வாசகி, துவாரகா, புது தில்லி

உண்டு. 'பிளகின்ஸ்' பகுதியில் 'கிளாசிக் எடிட்டர்' என்று தேடி நிறுவி, 'ஆக்டிவேட்' செய்யுங்கள். இலவசம், வேர்ட்பிரஸ்காரர்களே தருவது. பழைய பக்கம் திரும்பிவிடும். 'குட்டன்பர்க்' என்ற இந்தப் பெட்டி முறை 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது. (இத்தனை வருஷம் புதுப்பிக்காமலே ஓட்டிய உங்கள் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு!) அப்போதே பலர் முணுமுணுத்தார்கள், இன்றும் லட்சக்கணக்கான தளங்களில் பழைய எடிட்டர்தான்.

ஆனால் புதியதை அடியோடு மூடிவிடாதீர்கள். 'செட்டிங்ஸ்' மெனுவில் 'ரைட்டிங்' பக்கம் போய், இரண்டுக்கும் மாறிக்கொள்ள அனுமதி கொடுத்து வையுங்கள். ராதா கல்யாணப் படங்களை வரிசையாக அடுக்கப் பெட்டி முறைதான் வசதி. எழுதும்போது பெட்டிகளைக் கண்டுகொள்ளவே வேண்டாம். தட்டச்சு செய்துகொண்டே போங்கள், என்டர் தட்டினால் அடுத்த பெட்டி தானே வரும். படம் வேண்டுமா? காலி வரியில் சாய்கோடு போட்டால் பட்டியல் விரியும். வரிகளை மறைக்கும் கருவிப்பட்டை எரிச்சலூட்டினால், வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'டாப் டூல்பார்' தேர்ந்தெடுங்கள்.